குறைமாதக் குழந்தைக்கு ஆஸ்டியோபதி கைச்சிகிச்சை: சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்

31 வாரத்தில் பிறந்த குழந்தை இன்குபேட்டருக்குள் படுத்திருக்கிறது. பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது; மூச்சுக்குத் தந்த உதவியைக் குறைத்துவிட்டார்கள்; மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வழியே பால் போகிறது. அப்போது மருத்துவர் வந்து, "எங்கள் பிரிவுக்கு வாரம் இரண்டு நாள் ஆஸ்டியோபதி சிகிச்சையாளர் வருகிறார், உங்கள் குழந்தைக்கும் அவர் கைச்சிகிச்சை தரலாமா?" என்று கேட்டுச் சம்மதப் படிவம் ஒன்றை நீட்டுகிறார். இத்தாலியின் சில அரசு மருத்துவமனைகளில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரின் முன் உண்மையாகவே வைக்கப்படும் கேள்வி இது. ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது நேரலாம். கையெழுத்திடும் முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும், சிகிச்சை நடக்கும்போது எங்கே கண் வைக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை சொல்கிறது. சிகிச்சையைக் கையால் செய்யும் விதத்தை இது கற்றுத் தரவில்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள உடலின் மீது எழுத்தைப் படித்துவிட்டுச் செய்து பார்க்கக்கூடிய காரியம் அன்று அது.

எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள்

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் அதற்கான முதல் கல்லூரியை அவர் நிறுவினார். எலும்பு, தசை, தசையைப் போர்த்திய சவ்வு, உள்ளுறுப்பு ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்தவை, ஓரிடத்து இறுக்கம் வேறோரிடத்தின் வேலையைக் கெடுக்கும், அந்த இறுக்கத்தைக் கையால் உணர்ந்து கையாலேயே தளர்த்தலாம் என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஸ்டிலின் வழியில் வந்த வில்லியம் கார்னர் சதர்லாந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதை மண்டையோட்டுக்கு நீட்டித்தார். மண்டை எலும்புகள் மெல்லிய தாளத்தில் அசைகின்றன என்றும், அந்தத் தாளத்தைத் தொட்டு அறியலாம் என்றும் அவர் கருதினார். இந்தத் தாளம் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஒரே உடலைத் தொட்டுப் பார்த்த இரு சிகிச்சையாளர்கள் ஒரே தாளத்தைச் சொல்வதில்லை என்பதே சோதனைகளில் தெரியவந்தது. எனவே சிகிச்சையாளர் உங்களிடம் தாளத்தைப் பற்றியும் அலைகளைப் பற்றியும் விளக்கினால், அதை அவருடைய மரபின் மொழி என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தையின் நோயறிதலாகக் கொள்ள வேண்டாம்.

பெரியவர்களுக்குத் தரப்படும் ஆஸ்டியோபதியில் மூட்டைச் சட்டென்று சொடுக்கும் முறைகளும் உண்டு. குறைமாதக் குழந்தைகளிடம் அவற்றுக்கு இடமே இல்லை. இத்தாலிய ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டவை மறைமுக முறைகள் எனப்படுபவை மட்டுமே. இறுக்கமாகத் தோன்றும் திசுவை எதிர்த்துத் தள்ளாமல், அது தானாகப் போக விரும்பும் பக்கத்துக்கே விரல்களால் மெல்லத் துணைபோய், அது தளரும்வரை அப்படியே தாங்கியிருப்பதுதான் அந்த முறை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒருவர் குழந்தையின் இடுப்படியிலோ தலைக்குக் கீழோ கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பது போலத்தான் தெரியும். பார்ப்பதற்குச் சலிப்பூட்டும்படி இருந்தால் நல்லது.

இதைப் படிக்கும் பலருக்கு நம் வீட்டு வழக்கங்கள் நினைவுக்கு வரக்கூடும். குளிப்பாட்டும்போது தலையை உருட்டிப் பிடித்துவிடுவது, மூக்கை நீவிவிடுவது, குழந்தை விடாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு இருபுறமும் உருட்டி உரம் எடுப்பது என்று கைவேலை நமக்குப் புதிதன்று. அந்த அனுபவத்தின் துணிவில் "அதே வேலையைத்தானே வெள்ளைக்காரரும் செய்கிறார்" என்று நினைத்துவிட வேண்டாம். உரம் எடுக்கும் முறையைக் குறைமாதக் குழந்தைக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் செய்யக் கூடாது. மூளையின் இரத்தக் குழாய்கள், எலும்புகள், தோல் ஆகிய மூன்றுமே முழுமாதக் குழந்தைக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு மென்மையாக இருக்கும் உடல் அது. ஊரிலிருந்து தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் பெரியவர்களிடமும் இதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வைப்பது நல்லது.

ஆய்வுகள் சொல்வது என்ன

இந்தச் சிகிச்சைக்கு ஆதரவான ஆய்வுகளில் பெரும்பகுதி இத்தாலியிலிருந்து, அதிலும் ஒரே ஆய்வாளர் வட்டத்திலிருந்து வந்தவை. அட்ரியாட்டிக் கடற்கரை நகரமான பெஸ்காராவின் அரசு மருத்துவமனையில் தொடங்கியது அந்த முயற்சி. 2013இல் வெளியான ஆய்வில் 110 குறைமாதக் குழந்தைகள் இருந்தனர்; சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ ஆறு நாள் முன்னதாக வீடு திரும்பினர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மூன்று அரசு மருத்துவமனைகளில் 695 குழந்தைகளைக் கொண்டு பெரிய ஆய்வு வெளியானது. அதில் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சராசரியாக 13.8 நாளும், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்கள் 17.5 நாளும் மருத்துவமனையில் இருந்தனர். ஒரு குழந்தைக்கு 1,500 யூரோவுக்கு மேல் செலவு மிச்சமானது என்றும், சிகிச்சையால் எந்தச் சிக்கலும் நேரவில்லை என்றும் அந்த ஆய்வு அறிவித்தது. 2017இல் ஐந்து ஆய்வுகளை, அதாவது 1,306 குழந்தைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் 2.7 நாளாகச் சுருங்கியது.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. முதலாவது, 695 குழந்தைகளைக் கொண்ட ஆய்வில் 29 வாரத்துக்கு முன் பிறந்தவர்களும் பிறவிக் கோளாறு உள்ளவர்களும் சேர்க்கப்படவில்லை. ஆகவே 26 வாரத்தில் பிறந்த குழந்தையின் பெற்றோர் இந்த எண்களைத் தங்கள் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. இரண்டாவது, அதே ஆய்வில் நாள்தோறும் எடை கூடும் அளவில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. எடை ஏறுவது, குழாய் இல்லாமல் பால் குடிப்பது, மூச்சு இடையில் நின்றுபோகாமல் சில நாள்கள் கழிவது ஆகியவையே ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா என்பதைத் தீர்மானிக்கின்றன. எடையில் மாற்றம் இல்லாமல் நாள்கள் குறைந்தது ஏன் என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் தெளிவான விடை இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்தச் சிகிச்சையைப் பற்றி எழும் கேள்விகளில் முதன்மையானது இதுதான்.

மறுபக்கத்தில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இரண்டு சிறு ஆய்வுகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். வியன்னாவில் 1,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த 41 குழந்தைகளிடம், முதல் வாரத்தில் மூன்று முறை வயிற்றுப் பகுதியில் ஆஸ்டியோபதிச் சிகிச்சை தரப்பட்டது. பிறந்த குழந்தையின் முதல் மலமான கருமலம் விரைவாக வெளியேறும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. சிகிச்சை பெற்றவர்கள் முழுப்பாலுக்கு, அதாவது நரம்பு வழி ஊட்டம் இல்லாமல் பாலை மட்டுமே பெறும் நிலைக்கு மாறத்தான் கூடுதல் நாள்கள் ஆயின, மருத்துவமனையில் இருந்த காலமும் நீண்டது. கிராஸ் நகரில் 30 குழந்தைகளிடம் மண்டையோட்டு முறையைச் சோதித்தபோது, நரம்பு வளர்ச்சியைக் காட்டும் உடலசைவுகளில் நன்மையும் தெரியவில்லை, தீமையும் தெரியவில்லை. எனவே மருத்துவர் உங்களிடம் "நிரூபிக்கப்பட்ட சிகிச்சை" என்று சொன்னால், அடுத்த கேள்வியை நீங்கள் கேட்கலாம்: எந்த வாரத்தில், எந்த எடையில் பிறந்த குழந்தைகளிடம், உடலின் எந்தப் பகுதியில் செய்து நிரூபித்தார்கள்?

குழந்தை அதற்குத் தயாரா என்று பார்ப்பது

சம்மதம் தருவதா வேண்டாமா என்பதைவிட, எப்போது தருவது என்பதே பெரும்பாலும் கடினமான முடிவு. பிறந்த முதல் மூன்று நாள்களில் இந்தப் பேச்சே எழக் கூடாது. மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தைகளின் மூளைக்குள், இரத்தக் குழாய்கள் இழையாக மெலிந்திருக்கும் ஒரு பகுதி உண்டு. இரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது அங்கே கசிவு ஏற்படலாம். அத்தகைய கசிவுகளில் மிகப் பெரும்பாலானவை முதல் 72 மணி நேரத்துக்குள் நிகழ்கின்றன. அதனால்தான் அந்த நாள்களில் தலையை நேராக வைத்து, தேவையற்ற எந்தத் தொடுதலையும் தவிர்க்கிறார்கள். தலை ஸ்கேன் எடுத்து அதன் முடிவு வந்துவிட்டதா என்று கேளுங்கள். கசிவு இருப்பதாகத் தெரிந்தால், தலையைத் தொடும் எந்தச் சிகிச்சையையும் குழந்தைநல மருத்துவர் எழுத்தில் அனுமதிக்காமல் ஏற்க வேண்டாம்.

வயிறு அடுத்தது. வயிறு உப்பியிருப்பது, பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், குழாய் வழியே தந்த பால் செரிக்காமல் வயிற்றில் தேங்கி நிற்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், குடல் அழற்சி நோய் வந்திருக்கலாமா என்று மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது வயிற்றின் மீது யாருடைய கையும் போகக் கூடாது. தொற்று இருப்பதாக ஐயம் இருக்கும்போதும், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும், தொப்புள் வழியாக இரத்தக் குழாய்க்குள் குழாய் போட்டிருக்கும்போதும் தள்ளிப்போடுவதே முறை.

பெற்றோர் பலருக்குத் தோன்றாத ஒன்று எலும்பு. கருவின் எலும்புகளுக்குச் சேரவேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் கடைசி மூன்று மாதங்களில்தான் பெருமளவில் சேர்கின்றன. அந்த மாதங்களைக் கருவறைக்கு வெளியே கழிக்கும் குழந்தைக்கு, பிறந்து சில வாரங்கள் ஆனபின் எலும்பு மெலிந்து, சாதாரணமாகத் தூக்கும்போதுகூட விலா எலும்பு முறியும் அபாயம் ஏற்படலாம். 1,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்து, நீண்ட நாள்கள் நரம்பு வழியே ஊட்டம் பெற்ற குழந்தையாக இருந்தால், எலும்பின் நிலையைக் காட்டும் பாஸ்பேட், அல்கலைன் பாஸ்படேஸ் அளவுகள் இரத்தத்தில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை வளர்ந்து எடை கூடிவிட்டதால் எலும்பும் உறுதியாகிவிட்டது என்று எண்ணிவிட முடியாது. எலும்பு மெலிவு வெளிப்படுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

கேட்க வேண்டியவை

சிகிச்சையாளர் யார் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் உரிமம் பெற்ற முழு மருத்துவர். ஐரோப்பாவில் அவர் பொதுவாகத் தனித் தொழில் பயின்றவர். மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆஸ்டியோபதி மன்றத்தில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். இத்தாலி 2018இல்தான் சட்டத்தின் வழி இதைச் சுகாதாரத் தொழில்களில் ஒன்றாக ஏற்றது. பிரான்சில் 2007ஆம் ஆண்டின் அரசாணை இன்னும் கவனமாக இருக்கிறது: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் மண்டை, முகம், முதுகெலும்பு ஆகியவற்றில் மருத்துவரல்லாத ஆஸ்டியோபதியர் கைவைக்க வேண்டுமானால், அதற்குத் தடை ஏதும் இல்லை என்று மருத்துவர் ஒருவர் முதலில் உறுதிப்படுத்த வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்தப் பிரெஞ்சு விதியை உங்கள் சொந்த விதியாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

படிவத்தை நீட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்: இவர் இந்தப் பிரிவின் பணியாளரா, ஆய்வுக்காக வருபவரா, வெளியிலிருந்து அழைக்கப்பட்டவரா? குறைமாதக் குழந்தைகளிடம் எத்தனை ஆண்டுப் பழக்கம் உண்டு? சிகிச்சை நடக்கும்போது செவிலியர் ஒருவர் அருகில் நிற்பாரா? இது ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணைப் படிவத்தில் காட்டச் சொல்லுங்கள். ஆய்வில் சேர்ந்த குழந்தைக்கு இந்தச் சிகிச்சையே கிடைக்காமலும் போகலாம், ஏனெனில் யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்யும். பணம் தனியாகக் கேட்கப்பட்டால் அது ஏன் என்று தயங்காமல் விசாரியுங்கள்.

சிகிச்சையாளரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: "எப்போது நிறுத்துவீர்கள்?" நல்ல பயிற்சி பெற்றவர் குழந்தையின் நிறம், மூச்சு, இதயத்துடிப்பு, உடலசைவு என்று வரிசையாகச் சொல்வார். "நிறுத்த வேண்டிய தேவையே வராது" என்று பதில் வந்தால் கையெழுத்திட வேண்டாம். நெதர்லாந்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்று, கழுத்தையும் முதுகெலும்பையும் வலிந்து வளைத்த மண்டையோட்டுச் சிகிச்சைக்குப் பின் இறந்தது 2009இல் அந்நாட்டு மருத்துவ இதழில் பதிவானது. அது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்ததன்று, அந்தக் குழந்தைக்குச் செய்யப்பட்டதும் மேலே சொன்ன மென்மையான முறையன்று. ஆனாலும் ஒரே பெயருக்குள் எவ்வளவு வேறுபட்ட கைவேலைகள் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு அது சான்று.

சம்மதம் தந்தால், "கழுத்தைத் திருப்பவோ வளைக்கவோ கூடாது, வாய்க்குள் விரல் வைக்கும் முறை வேண்டாம், நாங்கள் இல்லாதபோது செய்ய வேண்டாம்" போன்ற உங்கள் நிபந்தனைகளைப் படிவத்திலேயே கையால் எழுதிச் சேர்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் குழந்தையின் மற்றப் பராமரிப்பில் எந்தக் குறையும் வரக் கூடாது.

அந்த அரை மணி நேரம்

இத்தாலிய ஆய்வுகளில் ஒரு சந்திப்பு ஏறத்தாழ அரை மணி நேரம்: பத்து நிமிடம் தொட்டுப் பார்ப்பது, இருபது நிமிடம் சிகிச்சை, வாரத்துக்கு இருமுறை, வீடு திரும்பும் நாள்வரை. பால் கொடுத்த உடனேயும் நல்ல உறக்கத்திலும் வேண்டாம். கண் பரிசோதனை, தடுப்பூசி, இரத்தம் ஏற்றுதல் இவற்றில் ஒன்று நடந்த நாளில் இதையும் சேர்க்காதீர்கள். அன்றைக்குக் குழந்தை தாங்க வேண்டியதைத் தாங்கிவிட்டது.

சிகிச்சையாளர் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி, முழங்கைவரை கழுவி, கையைச் சூடாக்கிக்கொண்டுதான் இன்குபேட்டரின் கைத்துளைக்குள் கையை விட வேண்டும். குழந்தையை வெளியே எடுக்க வேண்டியதில்லை. குழாய், ஒயர் எதையும் கழற்ற வேண்டியதில்லை. நீங்கள் அவருக்கு எதிர்ப்புறம் நில்லுங்கள். அங்கிருந்து குழந்தையின் முகமும் மானிட்டரும் ஒரே பார்வையில் தெரியும்.

மானிட்டரில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: இதயத்துடிப்பும் ஆக்சிஜன் அளவும். குறைமாதக் குழந்தையின் இதயம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 160 முறைவரை துடிக்கும். 100க்குக் கீழே இறங்கினால் செவிலியர் உடனே வர வேண்டும். ஆக்சிஜன் உதவியில் இருக்கும் குழந்தைக்கு எந்த அளவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று பிரிவில் முன்பே குறித்திருப்பார்கள். வழக்கமாக 90க்கும் 95க்கும் இடையில். ஆனால் எண்கள் மாறுவதற்கு முன்பே குழந்தையின் உடல் பேசத் தொடங்கிவிடும் என்பதால், மானிட்டரைவிடக் குழந்தையைத்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

இந்த உடல்மொழியை முறையாகத் தொகுத்தவர் ஹைடலிசா ஆல்ஸ் என்ற உளவியலாளர். பாஸ்டனில் 1980களில் அவர் உருவாக்கிய பராமரிப்பு முறையைப் பல நாடுகளின் குறைமாதக் குழந்தைப் பிரிவுகள் பின்பற்றுகின்றன. குழந்தைக்குத் தாங்க முடியவில்லை என்றால் விரல்களை விசிறிபோல விரிக்கும். கையை முன்னால் நீட்டி "நிறுத்து" என்பது போல வைத்துக்கொள்ளும். முதுகை வில்லாக வளைக்கும். கை கால்கள் திடீரென்று துவண்டு தொங்கும். கொட்டாவி, தும்மல், விக்கல் மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அதை அழகு என்று ரசிக்காதீர்கள். அவையும் களைப்பின் அறிகுறிகளே. வாயைச் சுற்றி நீலம் படர்வதும், தோலில் சலவைக்கல் போலத் திட்டுத் திட்டாக நிறம் மாறுவதும், கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்வதும் அப்படித்தான். இவற்றில் ஒன்று தோன்றினால் சிகிச்சையாளர் தன் கையின் அழுத்தத்தை நீக்கி, எடுக்காமல் அப்படியே வைத்துக் காத்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் குழந்தை சமநிலைக்கு வராவிட்டால் அன்றைய சந்திப்பு முடிந்தது. சொல்லியும் அவர் தொடர்ந்தால் நீங்கள் செவிலியரைக் கூப்பிடத் தயங்க வேண்டாம், மரியாதைக் குறைவு என்று நினைக்கவும் வேண்டாம்.

கையை வாயருகே கொண்டுபோவது, கால்களை மடித்துக்கொள்வது, மூச்சு சீராகி நெற்றிச் சுருக்கம் மறைவது ஆகியவை குழந்தை ஏற்றுக்கொள்வதைக் காட்டும். பல பெற்றோர் இதைப் பார்த்துவிட்டு "சிகிச்சை பலித்துவிட்டது" என்று மகிழ்கிறார்கள். மென்மையாகவும் அசைவின்றியும் வைக்கப்பட்ட எந்தக் கைக்கும் குழந்தை இப்படித்தான் பதில் சொல்லும்; அது உங்கள் கையாகவும் இருக்கலாம்.

சிகிச்சை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் குழந்தையை உறங்க விடுங்கள். அன்றைய தேதி, நேரம், எத்தனை நிமிடம், இடையில் நிறுத்த வேண்டியிருந்ததா, அடுத்த இரண்டு வேளைப் பாலைக் குழந்தை எப்படி ஏற்றது என்று ஒரு சிறு நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் கழித்து, தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரோடு பேச உட்காரும்போது ஞாபகத்தைவிட அந்தக் குறிப்பு உதவும். மூன்று சந்திப்பிலும் இடையில் நிறுத்த வேண்டியிருந்தால் நான்காவதற்குத் தேவை இல்லை.

உங்கள் கைக்கு உரிய வேலை

ஆஸ்டியோபதிக்கு நேரம் ஒதுக்குவதற்காகத் தாயின் மார்பிலிருந்து குழந்தையை எடுக்கச் சொன்னால், ஆஸ்டியோபதியைத்தான் விட வேண்டும். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையை மார்பில் தோலோடு தோலாக அணைத்து வைத்திருப்பது, இன்று குறைமாதக் குழந்தைகளுக்கு மிக வலுவான சான்று உள்ள கைவழிப் பராமரிப்பாக நிற்கிறது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்தவுடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கிய குழுவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். நிலைமை சீரானபின் தொடங்கிய குழுவில் 15.7 சதவீதம். உயிரைக் காக்கும் இந்த வேறுபாட்டுக்கு இணையாக எதையும் ஆஸ்டியோபதி ஆய்வுகள் காட்டவில்லை. 2022இல் உலக சுகாதார அமைப்பு, குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இதைத் தரலாம் என்று பரிந்துரைத்தது. தாய்க்கு உடல்நலமில்லை என்றால் தகப்பன் மார்பில் போட்டுக்கொள்ளலாம், பாட்டியும் செய்யலாம்.

குழந்தையை வெளியே எடுக்க முடியாத நாள்களில் இன்குபேட்டருக்குள்ளேயே ஒரு கையைத் தலையின் உச்சியிலும் மறு கையை மடித்த பாதங்களின் அடியிலும் வைத்து, கருவறைச் சுவர் தாங்கியதைப் போலத் தாங்கிப் பிடிக்கலாம். இதைச் செவிலியரிடம் ஒரு முறை கேட்டுக் கற்றுக்கொண்டால் போதும். குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போது இப்படிப் பிடித்திருந்தால் வலி குறைகிறது. தடவுவதும் தட்டிக்கொடுப்பதும் இந்த வயதில் பிடித்துத் தாங்குவதைவிடக் குழந்தையைக் களைப்படையச் செய்யும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், எத்தனை முறை கைச்சிகிச்சை தரப்பட்டது, உடலின் எந்தப் பகுதிகளில் தரப்பட்டது என்பதை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டிலும் அதைத் தொடர வேண்டும் என்று யாரேனும் தனிப்பட்ட முறையில் முகவரி தந்தால், குழந்தையைத் தொடர்ந்து பார்க்கப்போகும் மருத்துவரிடம் அந்தச் சீட்டைக் காட்டிய பிறகே முடிவு செய்யுங்கள். விழித்திரைப் பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை, வளர்ச்சி மதிப்பீடு ஆகியவற்றுக்குத் தந்த தேதிகளை வேறெதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் தேய்த்துத் தலை பிடித்துவிடும் ஆளை முன்பே ஏற்பாடு செய்திருந்தால், அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.